முதப் பந்தி

ஐயோ, முறுக்கெல்லாம் வேண்டாமுங்க, நீங்க சாப்புடுங்க. ஆமாமுங்க, கண்ணாலத்து ஊட்டுல இருந்துதான் வாரேன். தாம்பூலப் பையே காட்டிக் குடுக்குதே. சாப்புடலீங்க. அட, சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸு உக்கடம் போனதும் எறங்கி ஒரு டீ குடிச்சாச் சரியாப்போயிரும்.

நான் ஒறம்பரை, சொந்தம்னெல்லாம் இல்லீங்க. காமெடி புரோகிராம். மிமிக்ரி பிரகாசம்னா... கேள்விப்பட்டதில்லீங்களா? உங்க மேல தப்பில்லீங்க. எங்க தெருவுலயே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஏனுங்க, நீங்களும் இந்தப் பக்கந்தானே? அப்ப நம்ம சனத்தப் பத்தித் தெரியும். மத்த ஊர்ல ஜோக்கு புடிக்கலைன்னா கல்லெடுத்து வீசுவாங்களாம். நம்மாளுக மரியாதக்காரங்க. ஈரோட்டுல ஒரு கம்பெனி விழா. அர மணி நேரம் தொண்ட கிழியக் கத்துறேன், ஒருத்தன் பல்லு தெரியல. முதலாளி கோபாலசாமின்னு பெரியவர், மெல்ல எந்திரிச்சு வந்து மைக்க வாங்கிக்கிட்டு, கண்ணு, நேரமாச்சு, சாப்புட்டுப் போயிருங்கன்னாரு. அதுக்கென்ன அர்த்தம்? எறங்குடாங்கறதுதானுங்க. அன்னீல இருந்து சாப்புட்டுப் போங்கன்னு எவன் சொன்னாலும் எனக்கு வயிறு எரியும். சிரிக்க மாட்டானுக, சோறு மட்டும் போட்டுருவானுக!

அப்பறமென்ன, குடிதானுங்க. மேடையேறதுக்கும் குடிச்சேன், எறங்குனதுக்கும் குடிச்சேன். ஊட்டுக்காரி விமலாராணி பொறுத்துப் பொறுத்துப் பாத்துப்போட்டு, கொழந்தையத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. நல்ல காரியந்தான் பண்ணுனா.

இப்பத் தொடறதில்லீங்க. எங்க பங்குக் கோயில்ல, அதானுங்க சர்ச்சுல, குடிய உட்டவங்க கூட்டம் ஒண்ணு நடக்குது, அதுல சேத்து உட்டாங்க. அங்க எந்திரிச்சு நின்னு என் கதையச் சொன்னேன் பாருங்க, எந்தெந்த மேடையில எப்படியெப்படிக் கவுந்தேன்னு. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறானுக. இத்தன வருசம் மண்டையப் பிச்சு ஜோக்கு எழுதி வராத சிரிப்பு! எனக்கு அழுகையா வந்துருச்சு.

இந்தக் கண்ணாலமா? ரசாக்குன்னு ஒரு ஏஜெண்டுங்க. உடுமலையில மத்தியான ரிசப்சன், வர வேண்டிய ஆளு வரல, நீ போறயான்னான். வந்தேன். மண்டபத்து வாசல்ல பொண்ணு கிளாடிஸ், மாப்பிள்ள ஜெஃபின்னு பூவுல எழுதி வெச்சிருந்தாங்க. படிச்சதும் திரும்பிரலாமான்னு தோணுச்சு. அப்பறம் ஒட்டு மீசைய ஒட்டிக்கிட்டு மேடையேறிட்டேன். சபை சிரிக்காட்டிப் போவுது, பொண்ணு மட்டும் ஒருக்கா சிரிச்சாப் போதும்னு ஒரு ஆசைங்க.

வழக்கம்போல ஒருத்தனும் சிரிக்கல. கடைசியா கிரைண்டர் சத்தத்த எடுத்து உட்டேன். மாவாட்டிக்கிட்டு இருக்கறப்ப கரண்டு போனா மொனகி மொனகி நிக்குமில்லீங்க, அது. மேடைக்கு ஆவாத ஐட்டம். கொழந்தைக்குச் சோறூட்டறப்ப செய்யறது. சபை கல்லாட்டம் உக்காந்திருக்குது, பொண்ணு சிரிச்சுதுங்க! எதுக்குச் சிரிக்கறோம்னு அதுக்கே தெரியல. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சு, விக்கலே வந்துருச்சு. அளவுக்கு எச்சாச் சிரிச்சா விக்கல் வரும் அதுக்கு, சின்னதுல இருந்தே.

பொண்ணோட அம்மா தண்ணி குடுத்துட்டு என்னையே பாத்துச்சு. மத்தவங்கதான மீசைக்கு ஏமாறுவாங்க. நேரா எங்கிட்ட வந்து, மெதுவா, சாப்புட்டுப் போங்கன்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தைதான். கோவமா, எரக்கமான்னு மூஞ்சிய நிமுந்து பாக்க எனக்குத் தெம்பில்லீங்க.

கூட்டிட்டுப் போயி பந்தியில உக்கார வெச்சாங்க. எலை போட்டு, இனிப்பும் வெச்சாச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். பின்ன என்னங்க, வந்த ஒறம்பரையெல்லாம் சாப்புட்டு எந்திரிச்ச பொறவுதான பொண்ணப் பெத்தவங்க கை நனைக்கறது? அப்பங்காரன் போயி முதப் பந்தியில உக்காந்தா நல்லாவா இருக்கும்?

மணி என்னங்க, நாலரையா? இந்நேரம் கடைசிப் பந்தி முடிஞ்சிருக்கும். சரி, அந்த முறுக்குல ஒண்ணு குடுங்க.