நல்ல தண்ணீர்

வாடிய கீரைக்கட்டைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் விறைத்து நிற்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். இலை முழுதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். அவற்றின் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கூடுதல். வெளியே இருக்கும் நல்ல தண்ணீர் அந்தக் கூடுதலைத் தேடி, தோல் வழியே உள்ளே போகிறது. இங்கிலீஷ் புத்தகத்தில் இதற்கு ஆஸ்மோசிஸ் என்று பெயர். வெளியே உப்பு கூடினால், உள்ளே இருப்பதும் வெளியேறிவிடும். உவர்த்தண்ணீர் பாய்ந்த வாழை கருகுவது அதனால்தான். மனித உடம்புக்கும் இதே சட்டம்.

என் மனைவி ஹெப்சிபா அப்படித்தான் போனாள்.

அப்போது நான் ராதாபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் டாக்டராக இருந்தேன். அந்த ஊரில் குடிக்கத் தகுந்த கிணறு ஒன்றுதான், பண்ணையார் ஆவுடைநாயகத்துடையது. வாந்திபேதி வந்ததும் அவர் அதைப் பூட்டிவிட்டார். நோய்வீட்டு வாளி உள்ளே விழக்கூடாது என்றார். அதில் நியாயம் இருந்தது. ஊருக்கு அப்படிச் சொன்னவனே நான்தான். ஆனால் தன் ஆளை விட்டு மொண்டு கொடுத்திருக்கலாம். நான் மருந்து வாங்கப் பாளையங்கோட்டை போயிருந்தபோது ஹெப்சிபாவுக்கும் நோய் கண்டுவிட்டது. பக்கத்து வீட்டு சாரம்மாள் செம்போடு போய் அவர் வாசலில் நின்றிருக்கிறாள்.

"உப்புக் கெணறு இருக்குல்லா. அங்கன போய்க் கோரிக் குடு" என்று உள்ளே இருந்தபடியே சொல்லியிருக்கிறார்.

அந்தத் தண்ணீர் கடலைப்போல் கரிக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம். நான் வந்து சேர்ந்தபோது ஹெப்சிபாவின் விரல்கள் சுருங்கிக் கண்கள் குழிந்திருந்தன. கல்லறைக்குத் தூக்கிப்போனபோது கனமே இல்லை.

பிறகு மாற்றல் கேட்டுத் தாமிரபரணிக் கரைக்கு வந்தேன். திருச்செந்தூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்காகப் போடும் பேதிக் கொட்டகை என் பொறுப்பு. கல்கத்தாவில் கண்டுபிடித்த புது வைத்தியத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் அளவாக உப்புக் கலந்து நரம்பில் ஏற்றுவது. பிழைக்கமாட்டார்கள் என்று விட்டவர்கள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள்.

இந்த ஆவணியில் ஒருநாள் காலையில் ஆவுடைநாயகத்தை வில்வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தரிசனம் முடிந்து திரும்பும் வழியில் பிடித்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஏற்றினேன். நாடி திரும்பியது. கண் விழித்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

சாயங்காலம் மறுபடி நாடி விழுந்தது.

"டாக்டரே, நெஞ்செல்லாம் வறளுது வே. நல்ல தண்ணியா கொஞ்சம் குடும்."

"குடிச்சா நிக்காது அண்ணாச்சி. நரம்பு வழியா ஏத்துதேன். பைய படுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குப் பயந்துட்டேன் வே. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா."

"தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

இம்முறை உப்புப் போடவில்லை. கீரையின் அறைக்கு உறுதியான சுவர் உண்டு. எவ்வளவு தண்ணீர் புகுந்தாலும் விறைக்குமே தவிர உடையாது. இரத்தத்தில் மிதக்கும் சிவப்பு அணுக்களுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய தோல் மட்டும்தான். வெறும் தண்ணீர் சேர்ந்தால் உப்பி வெடித்துவிடும். முதலில் முதுகு வலிக்கிறது என்றார். பிறகு குளிர் உதறியது. மூத்திரம் கறுத்து வந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஹெப்சிபாவின் பெயரை மட்டும் ஒருமுறை அவர் காதில் சொன்னேன்.

கொட்டகை ஆள் மாடக்கண்ணு அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நிச்சயம் சாவார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். புத்தகத்தை மட்டும் நம்பி இறங்க முடியாது ஐயா. அவர் விஷயத்தில் பிசகிவிடக்கூடாது. அதனால்தான் காலையில் அவர் உயிரைப் பிடித்து வைத்தேன். அன்று மத்தியானம், குலசேகரன்பட்டினத்திலிருந்து துணையில்லாமல் வந்திருந்த கோமு என்ற கிழவிக்கு அந்த வெறும் தண்ணீரை முதலில் ஏற்றிப் பார்த்தேன். தேறிவிட்டவள், மறுநாள் ஊருக்குப் புறப்பட இருந்தவள். ஊசி போடும்போதுகூட, "நீரு நல்லா இருக்கணும் ஐயா" என்றாள். மாடக்கண்ணுவுக்கு அது தெரியாது. நானாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது ஐயா. அதைக் கொலை என்று எழுதிவிடாதீர்கள்.