பதினாலாவது வீடு

அந்த மாடிப்படிக் கம்பியப் பிடிக்காதீங்க டீச்சர், ஆடும். செபஸ்தியான் அண்ணனப் பாக்க வர்றவங்க எல்லாருக்கும் ஒருவாட்டி அது கையோட வந்துரும். மெதுவா எறங்குங்க. அவ்வளவுதான், பதிமூணு வீடு முடிஞ்சிருச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணு. திருவானைக்காவல்ல. ஆட்டோவா? வேணாங்க, நடந்தே போவோம். கொஞ்சம் லேட்டா போனா எனக்கு நல்லதுதான்.

ஃபாதர் உங்கள எதுக்கு என்கூட அனுப்புனாருன்னு எனக்குத் தெரியும். மழுப்பாதீங்க. பாக்கியமேரி, நோயாளிங்க வீட்ட எல்லாம் நீயே சுமக்காத, பாதிய பேட்ரிசியா டீச்சர்கிட்ட குடுன்னு போன வாரமே சொல்லிட்டாரு. நான் முடியாதுன்னுட்டேன். நீங்க இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்தே மூணு மாசந்தான் ஆகுது. நான் பதினோரு வருஷமா போறேன். யாருக்கு எந்தக் காது கேக்காது, யாரு மாத்திரைய முழுங்காம தலகாணிக்கு அடியில ஒளிப்பாங்க, எல்லாம் எனக்குத்தான் தெரியும். இன்னிக்குப் பூரா உங்கள வெயில்ல இழுத்தடிச்சுட்டு, சாயங்காலம் போயி, டீச்சருக்கு இது ஒத்து வராது ஃபாதர்னு சொல்லிரணும்னுதான் காலைல கெளம்புனேன். உண்மையச் சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

பின்ன, அவரு சொன்னதுலயும் ஞாயம் இல்லாம இல்ல. பணியாளர்களுக்குன்னு ஒரு வகுப்பு வெச்சாங்க. தலைப்பு என்னங்கறீங்க, இறைப்பணியில் உடல்நலமும் மனநலமும். எடுத்தது யாரு? நாந்தான். ஓய்வெடுங்க, வேளைக்கு சாப்புடுங்க, குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குங்கன்னு ஏழு ஞாயித்துக்கெழம, ஏழு ஊரு. விடியக்காத்தால கெளம்புனா விளக்கு வெச்சப்புறந்தான் வீடு. கடைசி வாரம் மணப்பாறையில, முடியாது என்று சொல்லப் பழகுவோம்னு போர்டுல எழுதிட்டுத் திரும்புறேன், கண்ண இருட்டிக்கிட்டு வந்துருச்சு. பிரஷர் நூத்தித் தொண்ணூறு. அங்க ஒரு நர்ஸ் பொண்ணு இருந்துச்சு. அது நோட்டப் பாத்து, நான் சொன்னதையே எனக்குப் படிச்சுக் காட்டுது. ஊருக்குத்தானேங்க உபதேசம்.

எங்க வீட்டு ஓனரு அழகிரி சாரு இருக்காரு, சனிக்கெழம தவறாம ரெங்கநாதர சேவிச்சுட்டு வர்றவரு. ஒரு நாளு கேட்டுட்டாரு. ஏம்மா, எங்க பெருமாளு படுத்துக்கிட்டே லோகத்தப் பாத்துக்கறாரு, உங்க சாமி உங்கள உக்காரக்கூட விடமாட்டாரான்னு. சிரிச்சு வெச்சுட்டு வந்தேன். ஏழாம் நாளு ஓய்வுன்னு வாசகம் படிக்கறதே நாங்கதான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்லணும் டீச்சர். இப்ப செபஸ்தியான் அண்ணன் வீட்டுல நீங்க உக்காந்தீங்கள்ல, அதத்தான் நான் பாத்துக்கிட்டிருந்தேன். நம்ம குழுவுக்கு நான் போட்ட ரூல் இது: ரெண்டு பேராத்தான் போகணும், இருவது நிமிஷம், ஒருத்தர் பேசணும், ஒருத்தர் கடியாரத்தப் பாக்கணும். நான் போனா, மாத்திரை போட்டீங்களா, வயித்தால போச்சா, தூக்கம் வந்துச்சா, அப்பறம் ஒரு ஜெபம், எந்திரிச்சிருவேன். நீங்க என்னடான்னா நாற்காலிய கட்டிலோட ஒட்டிப் போட்டுக்கிட்டு, மாட்டோட பல்லப் பாத்து வயசு எப்படிங்க சொல்லுவீங்கன்னு கேக்கறீங்க. மனுசன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. பதினோரு வருஷத்துல அவரு சந்தைக்குப் போன மாட்டு யாவாரின்னே எனக்குத் தெரியாது. சொவத்துல மாட்டுப் படம் மாட்டியிருந்தத நான் பாத்ததே இல்ல. வயித்தெரிச்சலா இருந்துச்சு டீச்சர். நிஜமாத்தான்.

ஆமா, இந்தக் கடைசி வீடு புதுசுதான். நம்ம கோயில் ஆபீசுல திங்கக்கெழம சேந்துச்சே, ஜென்சின்னு ஒரு பொண்ணு, அது நேத்து ஃபோன்ல கேட்டு எழுதிக் குடுத்தது. இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். பதினாலு. அமிர்தசாமி, வயசு அறுபத்தாறு. பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம். வீட்டுல ஆள் இருக்கறதில்ல. ஜெபம் பண்ணணும்னு இல்ல, யாராவது வந்து கொஞ்ச நேரம் பேசுனா போதும். அவ்வளவுதான். ஜென்சி சொல்லுது, பாவமா இருந்துச்சுக்கா, ரொம்ப பக்தியான குடும்பமாம், ஆனா பேச்சுத் துணைக்கு ஆளில்லையாம், நம்ம குழுவுல யாரு கெட்டிக்காரங்களோ அவங்கள அனுப்பச் சொன்னாருன்னு. நானே போறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல.

பேனாவ எடுத்து அந்த வரிய அடிக்கத்தான் போனேன். அடிக்கல. கடைசியில தள்ளி வெச்சுக்கிட்டேன். காலைலயே போயிருக்கலாமேன்னு கேக்கறீங்க. போயிருக்கலாந்தான்.

இந்தா, இந்த மாடிதான். கேட் பக்கத்துல நின்னு பேப்பர் படிக்கறவரா? அவருதான் அழகிரி சாரு. ஆமாங்க, எங்க வீட்டு ஓனரு.

அப்படிப் பாக்காதீங்க டீச்சர். நான் ஒரு கொறையும் வெக்கல. காலைல இட்லிய ஊட்டி, மாத்திரைய குடுத்து, துணி மாத்தி விட்டுட்டுத்தான் வெளிய வர்றேன். மதியத்துக்கு ரெங்கம்மாள்னு ஒருத்தங்க வந்து சோறு குடுத்துட்டுப் போறாங்க. எல்லாத்துக்கும் ஆள் போட்டேன். பேசறதுக்குத்தான் யாரையும் போடல. அது என் வேலைன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நேத்து ராத்திரி சோறு ஊட்டுனேன், அப்பக்கூட ஆபீசுக்கு ஃபோன் பண்ணேன்னு மூச்சு விடல மனுசன். முப்பத்தோரு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாகி.

அந்தப் பதிமூணு வீட்டையும் நீங்களே எடுத்துக்குங்க. ஃபாதர்கிட்ட நானே சொல்லிர்றேன். இந்த ஒண்ண மட்டும் நான் வெச்சுக்கறேன், ஆனா இன்னிக்கு மொதக் கேள்விய நீங்கதான் ஆரம்பிச்சு விடணும். மாத்திரை போட்டீங்களாங்கறத விட்டா, அவருகிட்ட என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. கடியாரம் ரெண்டு பேருமே பாக்க வேணாம்.

செருப்ப அந்த ஓரமா விடுங்க. சாவி என் பையிலதான் இருக்கு, இருந்தாலும் நீங்க பெல்ல அடிங்க டீச்சர். தன்னப் பாக்க யாரோ வந்திருக்காங்கன்னு அவருக்குத் தெரியட்டும்.