மையத்தில் இரண்டு திசைகள்

மேடை விளக்குகளுக்கே வெளிச்சம் வழங்கும் தலைவர் அவர்களே! முன்வரிசைக்கு முண்டியடித்து வென்ற பெரியோர்களே! கணிதக் கூட்டமென்று தெரிந்தும் துணிந்து வந்த தாய்மார்களே! மருத்துவமனை வேலை முடித்து ஓடிவந்திருக்கும் என் அக்காவே! வணக்கம்.

விருது பெறும் நம் பேராசிரியரைப் பாராட்ட, அவரோடு கட்டுரை எழுதிய என்னை அழைத்தார்கள். பாராட்டாமல் விடுவேனா?

நில்பொட்டன்ட் குலம் என்றால் என்ன? பயப்படாதீர்கள், அம்மா! அதன் திசைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுக்கொண்டே போனால், சில படிகளில் எல்லாம் பூச்சியமாகிவிடும். ஆம், நம் துறைக் கூட்டங்களைப் போலத்தான்! எதனோடு மோதினாலும் உடனே பூச்சியம் தரும் திசைகளுக்கு மையம் என்று பெயர். தொடுகை அமைப்பு என்றால்? புள்ளிக்கொரு தளம், ஒரு பரப்பாகப் படிந்துவிடாமல் எத்திசையிலும் முறுக்கிக்கொண்டே போகும் தளம்.

பரிமாணம் ஒற்றைப்படை என்றால் போதும், அத்தகைய குலம் எதிலும், எப்படி நகர்த்தினாலும் மாறாத தொடுகை அமைப்பு உண்டென்று எங்கள் கட்டுரையில் தேற்றமே எழுதினார் பேராசிரியர். அடடா! எவ்வளவு தாராளம்!

அவர் அறைக்குப் போனேன். "சார், மையத்துல ரெண்டு திசை இருந்தா இது நிக்காதே? ரெண்டையும் கலந்து, தளத்துக்குள்ளயே கிடக்கிற ஒரு திசையப் புடிச்சிடலாம். அது எதோடயும் மோதாது. அப்புறம் முறுக்கு எங்க சார்?"

கரும்பலகையில் எழுதியும் காட்டினேன். அவர் துடைப்பானை எடுத்து, அதை அழித்தார். "அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகுது. இப்போ எதுக்கும்மா இதெல்லாம்?"

என்ன கருணை! என்ன கனிவு!

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்: "தப்புன்னு உனக்குத் தெரியுமா, சந்தேகமா?"

"தெரியும்க்கா."

"அப்புறம் எங்கிட்ட என்னடி கேக்குற?"

ஆகவே அன்பர்களே, தேற்றம் தவறு, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று இன்று காலை, கட்டுரையை ஏற்ற இதழுக்குத் தெரிவித்துவிட்டேன். என்ன ஐயா, பின்னாலிருந்து? வேலை வேண்டாமா என்றா? வேண்டும்! வீட்டு வாடகைக்கு வேண்டும், வயிற்றுக்கு வேண்டும். ஆனால் நாளை ஒரு மாணவி எழுந்து "மையத்துல ரெண்டு இருந்தா?" என்று கேட்பாளே, அவள் முன்னும் நான் கரும்பலகையைத் துடைக்கவா? மாட்டேன்! மணியடித்தாலும் மாட்டேன்! ஒலிபெருக்கியை அணைத்தாலும் மாட்டேன்!

அணைத்தே விட்டார்களா? நல்லது. எனக்குக் குரல் இருக்கிறது. கேட்ட காதுகளுக்கு நன்றி. கேட்காததுபோல் கைபேசியைத் தடவிய பேரறிஞர்களுக்கு இரட்டை நன்றி. வணக்கம்!