ஐந்து மணி சர்பத்

எலுமிச்சம்பழத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு பிழியக் கூடாது. கால் மணி நேரம் வெளியே வைத்து, உள்ளங்கையால் மேடையில் நாலு உருட்டு உருட்டிவிட்டுப் பிழிந்தால் இரண்டு மடங்கு சாறு வரும். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் என் சர்பத்துக்கு ஒரு பெயர் உண்டு என்றால் அதற்கு இதுதான் காரணம். வேறு ரகசியம் இல்லை. இருந்த ஒன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

சுராயா மேடம், இந்த நோட்டைக் கொடுக்கும்போது, மனதில் இருப்பதை எழுதுங்கள், எனக்குக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி என்றீர்கள். குடியிலிருந்து மீட்கும் உங்கள் மையத்தில் நோயாளியின் வீட்டாருக்கும் வீட்டுப்பாடம் உண்டு என்பது எனக்குப் புதிது. நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இரண்டு வருடம் ஒரு சொட்டுத் தொடாத என் வீட்டுக்காரர் வீரமலை மறுபடி குடித்த முதல் நாள் எது? அவருக்கு ஞாபகம் இல்லையாம். மூளையில் ஏதாவது கோளாறோ என்று ஸ்கேன் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் வேண்டாம். அவர் மூளைக்கு ஒன்றுமில்லை. முதல் நாள் ஆனி அமாவாசைக்கு மறுநாள், மாலை ஐந்து மணி. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணமாகி இரண்டாம் வருடம் தொடங்கிய குடி பதினாறு வருடம் நீடித்தது. அந்தப் பதினாறு வருடத்தில் அவரை நான் எங்கெங்கிருந்து பொறுக்கி எடுத்து வந்தேன் என்று சொன்னால் திருச்சி மேப்பே போட்டுவிடலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நடைமேடை, ஆர்மரி கேட் சாக்கடை ஓரம், ஒருமுறை கொள்ளிடம் பாலத்துக் கைப்பிடிச் சுவர். மறுநாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நேற்று என்ன நடந்தது என்று என்னிடம்தான் கேட்பார். நான் சொல்வேன். சட்டையைக் கிழித்துக்கொண்டீர்கள், மேஸ்திரியைத் திட்டினீர்கள், மகளைத் தள்ளிவிட்டீர்கள். அப்படியே நம்பி அழுவார். சில நாள் நடந்ததற்கு மேலேயும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். பதினாறு வருடமாக நான் சொன்னதுதான் அவருடைய நேற்று.

கஷ்டம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. பக்கத்து வீட்டு பாக்கியமேரி அக்கா தினமும் குழம்புக் கிண்ணத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். மகளிர் குழுவில் பொறுமைக்கு உதாரணம் நான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என் மகள் சுபலட்சுமி முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் சிரித்தால் அவள் சிரிப்பாள்.

பிறகு அவர் குடியை நிறுத்திவிட்டார். உங்கள் மையத்தில் நாற்பது நாள் இருந்தார். வெளியே வந்ததும் ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரையில் உள்ள ஒரு கருப்பசாமி கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். உங்களுக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்கும். குடியை விடுகிறவன் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வான். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் சாமி சும்மா விடாது. பூசாரி சின்னையா ஒவ்வொரு அமாவாசையும் பழைய கயிற்றை அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவார். என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தது சுபாவின் தலையில் கை வைத்து.

நின்றுவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். முதல் ஆறு மாதம் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

பிறகு பாருங்கள், மனிதருக்கு மாலை வேளையில் செய்ய ஒன்றுமில்லை. காந்தி மார்க்கெட்டுக்கு அவரே போய் என்னைவிட நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி வந்தார். குக்கருக்கு வாஷர் மாற்றினார். என் சாம்பாரில் பெருங்காயம் தூக்கல் என்று கண்டுபிடித்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த சுபா, சம்பளக் கவரை அப்பா கையில் கொடுத்தாள். அமாவாசைக்கு அமாவாசை ஸ்கூட்டரில் அப்பாவை உட்காரவைத்துக் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்து இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, சொன்னா உனக்குப் புரியாது" என்பாள். பாக்கியமேரி அக்கா குழம்புக் கிண்ணத்தோடு வருவது நின்றுவிட்டது. தன் வீட்டுக்காரரைத் திருத்த யோசனை கேட்டு இவரிடம் வந்தார்.

இதற்கெல்லாம் கோபப்பட நான் என்ன சின்னப் பிள்ளையா?

போன ஆனியில் உங்கள் மையத்து ஆண்டு விழா. நீங்கள்தான் மைக் பிடித்தீர்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். கருப்பசாமிக்கு நன்றி சொன்னார், டாக்டருக்கு, உங்களுக்கு, ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கு. என் மகள்தான் எனக்கு இரண்டாவது தாய் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே இறங்கப் போனவர் திரும்பி வந்து மைக்கில் சொன்னார்:

"என் மனைவியும் கூட இருந்தாங்க."

நல்ல வார்த்தைதான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இனி ரம் விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி பிரவீன்ராஜ் சுற்றுலாக் கப்பலில் பார் வேலை பார்க்கிறான். சித்திரையில் லீவுக்கு வந்தபோது, என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சமையல் மேடையில் நின்று தன் வித்தையைக் காட்டினான். வெள்ளை ரம் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு முக்கால் பங்கு. டைக்கிரி என்று பெயராம். கப்பலில் வெள்ளிக் குவளையில் குலுக்குவார்களாம். இங்கே அதற்கு எங்கே போக? காலி பூஸ்ட் பாட்டிலில் ஐஸ் கட்டியோடு போட்டு, வெளிப்பக்கம் வேர்க்கும்வரை குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்துப் பாயசக் கிண்ணத்தில் ஊற்றினான். பார்த்தால் சாதாரண எலுமிச்சை ஜூஸ். நான் ஒரு ஸ்பூன் நக்கிப் பார்த்தேன். புளிப்பு, இனிப்பு, ஜில்லென்று ஒரு வாசனை.

"இனிப்பும் புளிப்பும் சரியா நின்னா சரக்கு இருக்கிறதே தெரியாதுக்கா. அதான் இதுல தொழில்" என்றான்.

தொழில் தெரிந்தவன் பேச்சு. மனதில் நின்றுவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது பாட்டிலில் மிச்சமிருந்த ரம்மை சிங்க்கில் ஊற்றிவிடச் சொன்னான். பொருளை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அரிசி ட்ரம்முக்குப் பின்னால் வைத்தேன். அப்போது எந்த எண்ணமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

குடியை விட்ட நாளிலிருந்து அவருக்கு மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய டம்ளர் நன்னாரி சர்பத் வேண்டும். கை ஏதாவது ஒரு டம்ளரைப் பிடிக்க வேண்டும் மேடம், பழகிய கை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். வேரை இடித்து ஊறவைத்துப் பாகு காய்ச்சுவது நான். எலுமிச்சை பிழிவது நான். அந்த ஒரு டம்ளரில் மட்டும் யாரும் என் இடத்துக்கு வரவில்லை.

ஆண்டு விழா முடிந்த மூன்றாம் நாள் ஆனி அமாவாசை. கயிறு மாற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் சர்பத்தில் பாட்டில் மூடியால் அரை மூடி ரம் ஊற்றினேன். அரை மூடிதான். இருமல் மருந்துகூட அதைவிட அதிகம் கொடுப்பார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு மூடி. அடுத்த வாரம் இரண்டு. ரம் ஏற ஏற எலுமிச்சையும் பாகும் அதே அளவில் ஏற்றினேன். தம்பி சொன்ன தொழில் சுத்தம் அதில் இருந்தது. எந்நாளும் பிராந்தி குடித்த நாக்கு, வெள்ளை ரம் அதற்குப் பழக்கமில்லை.

ஒருநாள் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"வேணி, சர்பத் இப்பல்லாம் தனி ருசியா இருக்கே."

"புது வேருங்க" என்றேன்.

"நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

எவ்வளவு நாள் கழித்து என் கையால் செய்ததை இன்னும் கொஞ்சம் கேட்டார் தெரியுமா? அந்த மாதம் முழுக்க ஐந்து மணி ஆவதற்கு முன்பே வாசலில் சைக்கிள் மணி கேட்டது. என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாம்பாரைப் பாராட்டினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதம் எது என்று கேட்டால் அந்த மாதத்தைத்தான் சொல்வேன்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. அம்மா மண்டபத்துக்குப் போகும் கூட்டத்தில் டவுன் பஸ்ஸெல்லாம் பிதுங்கிய நாள். அவர் விரதம். பகல் முழுக்க வெறும் தண்ணீர். வேலை முடிந்து வந்து, குளித்து, கயிறு மாற்றப் புறப்படுவதற்கு முன் சர்பத் கேட்டார். பாட்டிலில் மீதி இருந்த அவ்வளவையும் ஊற்றினேன். அரை டம்ளர் இருக்கும். ஆறு எலுமிச்சை, நாலு கரண்டிப் பாகு, பூஸ்ட் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கினேன். ஒரே மூச்சில் குடித்தார். பாவம், நல்ல தாகம்.

காலி பாட்டிலை அவருடைய டூல்ஸ் பையில் வைத்தேன்.

சுபா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். செருப்பு மாட்டக் குனிந்தவர் கொஞ்சம் ஆடினார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாள் முழுக்க ஸ்பிரிட் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறவள். அவள் மூக்கு தப்பாது.

"அப்பா, ஒரு நிமிஷம். ஊதுங்க."

"என்னம்மா, ட்ராஃபிக் போலீஸ் மாதிரி?" என்றவர், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து அவள் முகத்துக்கு நேராக ஊதினார். மடியில் கனமில்லாத மனிதர் ஊதுகிற மாதிரி.

அவள் கண் நிறைந்துவிட்டது. "எப்பத்திலேருந்துப்பா?"

"எதும்மா?"

அப்போது நான் ஒன்று சொன்னேன். மொத்தமே இவ்வளவுதான். "என்னங்க, உங்க டூல்ஸ் பையில ஒரு பாட்டில் பார்த்தேன். நீங்களே நிறுத்திடுவீங்கன்னுதான் சுபாகிட்ட சொல்லல."

பையைத் திறந்து பார்த்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார், சத்தியம் செய்வார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பழைய நாட்களில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரே, அதே மாதிரி என் காலடியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஞாபகமே இல்லியே வேணி. எத்தனை நாளா குடிக்கிறேன்?"

"ஒரு மாசமாங்க" என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

நம்பிவிட்டார்.

கையில் கயிறோடு ஒரு மாதம் குடித்திருக்கிறோம் என்றால், மகள் தலையில் வைத்த சத்தியம் என்னாகும்? அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். சுபா தொடப் போனபோது, "என் கிட்ட வராதம்மா" என்று விலகினார். ஷேவிங் பிளேடால் கயிற்றை அறுத்து சாமி படத்தின் முன்னால் வைத்தார். சத்தியமே போன பிறகு எதற்குப் பத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ, நேராகச் சத்திரம் பஸ் ஏறிவிட்டார். இரண்டு மணி நேரத்தில் ஆட்டோவில் கொண்டு வந்து போட்டார்கள். பாக்கியமேரி அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எப்படித்தான் தாங்குறியோ" என்று அழுதார். சுபா என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவள் எட்டாம் வகுப்புப் படித்தபோது அப்படித் தூங்கியது.

அதற்குப் பிறகு அவர் குடித்த எதையும் நான் கலக்கவில்லை. மஞ்சள் காமாலை வந்ததும், வேலையில் சஸ்பெண்ட் ஆனதும், அவராகச் செய்துகொண்டது. தன் பார்வை பட்டால் மகளுக்கு ஆகாது என்று அவர் பயந்ததால் சுபா ஸ்ரீரங்கத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தினமும் எனக்கு போன் செய்கிறாள். முதலில் என் குரலைத்தான் கவனிக்கிறாள்.

இதைத் தப்பு என்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். பதினாறு வருடம் சாக்கடையிலிருந்து தூக்கிய கைக்கு ஒரு மாதம் சர்பத் கலக்க உரிமை கிடையாதா? விஷமா வைத்தேன்? கப்பலில் பெரிய மனிதர்கள் காசு கொடுத்துக் குடிக்கிற பானம்.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறீர்கள். இன்னொரு முறை சுத்தமாகிவிட்டார், முகத்தில் களை வந்துவிட்டது, சுபா வந்து பார்த்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டார் என்று நீங்கள் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டேன். அடுத்த ஆண்டு விழாவில் அவரை மறுபடி பேசவைக்கப் போகிறீர்களாம். செய்யுங்கள். குடியைச் சட்டென்று நிறுத்தினால் சில உடம்பு தாங்காது என்று நீங்களே ஒருமுறை வகுப்பில் சொன்னீர்கள். அதுவும் என் மனதில் நின்றிருக்கிறது. இந்த நோட்டைக் காட்டுவதா வேண்டாமா என்பதை விழா முடிந்து முடிவு செய்கிறேன்.

நன்னாரி வேர் ஊறுகிறது. எலுமிச்சம்பழம் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். தம்பி மார்கழியில் வருகிறான். அவர் வீட்டுக்கு வரட்டும் மேடம், நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். விழுந்தாலும் தூக்க ஆள் இருக்கிறது. எப்போதும்போல் நானும் கூட இருப்பேன்.