சந்திரம்மாளின் இடுப்பு மூட்டில் பதிவான பாரம்

பெயர் பிரவீனா, வயது 29, கணவர் பெயர் சுபாஷ். குன்றத்தூர் மலையடிவாரத் தெருவில் குடியிருந்துகொண்டு, ஒரகடத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்து வருகிறேன். ஆய்வாளர் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

வல்லக்கோட்டை அருகே வசிக்கும் சந்திரம்மாள் என்பவருக்கு எங்கள் மருத்துவமனையில் செயற்கை இடுப்பு மூட்டு வைக்கப்பட்டது. அந்த மூட்டுக்குள் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளக்கும் சென்சார் உள்ளது. தொடையில் கட்டியிருக்கும் பெல்ட் அந்த அளவைக் கம்பியில்லாமல் வாங்கி, அவருடைய செல்போன் வழியாக என் டேப்லெட்டுக்கு அனுப்பும்.

சென்ற வாரம், வாக்கர் பிடித்து நடப்பவருக்கு வரக்கூடாத பாரம் தினமும் பதிவானதால் நான் போன் செய்து கேட்டதற்கு, தண்ணீர்க் குடம் தூக்கியதாகச் சொன்னார். தூக்கக்கூடாது என்று சொல்லியும் அதே அளவு வந்ததால், நேற்று மதியம் டேப்லெட்டுடன் அவர் வீட்டுக்குச் சென்றேன். கதவைப் பாதி திறந்து, "பையன் வர்றதுக்குள்ள போய்டும்மா" என்றார். அவரை நடக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள் அறையில் யாரோ விழுந்த சத்தம் கேட்டது. சந்திரம்மாள் வாக்கரை விட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் சென்றேன்.

வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்த அந்த அறையில் அவருடைய மருமகள் பூஜா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். இரண்டு முழங்கால்களும் வீங்கிக் கறுத்திருந்தன. அம்மா வீட்டுக்குக் கிளம்பியதற்காகக் கணவன் பிரசன்னா இரும்பு பைப்பால் அடித்ததாகவும், ஆஸ்பத்திரிக்கு விடவில்லை என்றும், மாமியார்தான் தன்னைத் தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டுபோகிறார் என்றும் பூஜா சொன்னார். சந்திரம்மாள், "வெளிய சொன்னா ரெண்டு பேரையும் கொன்னுடுவேன்னு சொல்லிகீறான்" என்றார்.

அதன்பிறகு பைக் சத்தம் கேட்டது. சந்திரம்மாள் எங்களை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார். நான் போலீசுக்கு போன் போட்டேன். பூஜா போனை வாங்கி மெதுவாக விலாசம் சொன்னார்.

வெளியே, "யார் செருப்பு இது?" என்று பிரசன்னா கேட்டார்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு வுட்டுட்டுப் போச்சுடா."

"வெறுங்காலோடவா போச்சு?"

அதன்பிறகு என் டேப்லெட்டில் பாரத்தின் கோடு ஏறிக்கொண்டே போனது. அறுவை செய்த காலை ஊன்றி அவர் கதவை மறித்து நிற்கிறார் என்று புரிந்தது. அதன்பிறகு கோடு ஒரேயடியாகக் கீழே விழுந்து அங்கேயே நின்றது. அவர் கத்தவில்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. நான் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். பூஜா தரையில் உட்கார்ந்தபடியே முதுகால் தள்ளினார். கதவிடுக்கில் நான்கு விரல்கள் தெரிந்தன. பிரசன்னாவின் மூச்சு மட்டும் கேட்டது. ரோந்து வண்டி வந்த பிறகுதான் விரல்கள் விலகின.

அதன்பிறகு போலீசார் பிரசன்னாவைப் பிடித்தனர். கூடத்தில் தொடை எலும்பு முறிந்து கிடந்த சந்திரம்மாளுக்கு உயிர் இருந்தது. அவரையும் பூஜாவையும் ஆம்புலன்சில் ஏற்றினோம். அப்போது சந்திரம்மாள் என் கையைப் பிடித்து, "ஸ்டேஷன்ல என் புள்ளைய அடிப்பாங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் படித்துக் காட்டினார்கள். கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, அத்தனையும் நடந்தது.

ஒப்பம்: பிரவீனா