காத்திருக்கச் சொன்ன வரி

எனக்குப் பொய் சொல்ல வராது. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மருத்துவமனையின் கணினி அறையில் நானும் என் தங்கை கணவரும் வேலை பார்த்தோம். மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நோயாளியின் இதயத்துடிப்பு தடுமாறினால் நர்ஸ் மேசையில் மணியடிக்கும் சேவை, எங்கள் லினக்ஸ் சர்வரில் ஓடியது. அதில் ஒரு கோளாறு. சர்வரை அணைத்து மறுபடி போட்டால், நெட்வொர்க் வருவதற்கு முன்பே அந்தச் சேவை எழுந்துகொண்டு, யாரோடும் பேச முடியாமல் சும்மா நிற்கும். திரையில் மட்டும் எல்லாம் சரி என்று பச்சை காட்டும். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு நான்தான் கண்டுபிடித்தேன். நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்று ஒரே ஒரு வரி. தீர்ந்தது.

மாப்பிள்ளை அதைத் தன் கண்டுபிடிப்பாக நிர்வாகத்திடம் காட்டி, எனக்கே மேலதிகாரி ஆனார். மனசு பொறுக்காமல் தங்கையிடம் போனேன். அவளுக்கு உண்மை தெரியும். நான் புலம்பியதையெல்லாம் கேட்டவள். “விடுண்ணே. யார் பேருல வந்தா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே வருது?” என்றாள். கூடப் பிறந்தவளே கழுத்தறுத்துவிட்டாள். அவர் செய்ததைவிட இதுதான் வலித்தது.

நான் அந்த வரியைத் தனிக் கோப்பில் வைத்திருந்தேன். மாப்பிள்ளை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, அந்தச் சேவையோடு வந்த மூலக்கோப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டு, என் கோப்பை அழித்தார். புதிய பதிப்பு ஏற்றினால் மூலக்கோப்பு மாறிவிடும், வரியும் போய்விடும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

சென்ற வாரம் புதிய பதிப்பை ஏற்றி, சர்வரை மறுபடி இயக்கினோம். மாப்பிள்ளை என் தோளில் கைவைத்து, “மச்சான், எல்லாம் பச்சைதானே?” என்று கேட்டார்.

“பச்சைதான் மாப்பிள்ளை.”

அது பொய்யில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, தங்கை மேல்மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். அதுவும் தெரியும். அன்று காலையில் நான்தான் அவளுக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். அவள் இதயத்துடிப்பு தடுமாறியபோது மணி அடிக்கவில்லை. நர்ஸ் மணியை நம்பி வேறொருவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

மாப்பிள்ளையின் கவனக்குறைவு என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஆனால் அதில், அவரே முன்பு கண்டுபிடித்த வரி என்றும் இருக்கிறது. இங்கே வந்தது அதைத் திருத்தத்தான். அந்த வரி என்னுடையது. தங்கை இருந்திருந்தால் இப்போதாவது ஒப்புக்கொண்டிருப்பாள்.