துண்டுக்கடியில் ஐ.சி. விலை பேசிய நல்லகாமனார்க்கு

எழுமலை ஈன்ற ஏந்தலே! சமயநல்லூர்ச் சாலையோரத்து எங்கள் ஐ.சி. தொழிற்சாலையிலிருந்து இன்று விடைபெற்று ஊர் திரும்பும் விற்பனை மேலாளரே! விலை சரிந்த வேளையிலும் வேட்டி மடிப்புக் கலையாத வித்தகரே! நல்லகாமனாரே, வணக்கம்!

ரேடியோவுக்கும் டி.வி.க்கும் உயிரூட்டும் நகத்தளவு ஐ.சி. சில்லுக்குத் தங்கக் கம்பி ஒட்டும் பெண்கள் நாங்கள். உங்களைப் பாராட்ட உட்கார்ந்தால், உங்கள் பெருமையில் பாதி எங்களுக்கே விளங்கவில்லை. விளங்காததையும் மறைக்காமல் எழுதுகிறோம், பொறுத்தருள்க!

பழுதின்றி நாங்கள் பாடுபட்டுச் செய்யச் செய்ய, சென்ற ஆண்டு விலை குப்புற விழுந்ததே, அது ஏன்? கேட்டதற்குச் சொன்னீர்கள்:

“வெளிநாட்டுல ஆளாளுக்குச் செஞ்சு குவிச்சுட்டான்க்கா. வெங்காயம் மாதிரிதான்.”

“வெங்காயம் அழுகும் தம்பி. இது அழுகாதே! எடுத்து வைப்போம்.”

“இதுவும் அழுகும். புதுசு வந்துட்டா இதை எவன் கேப்பான்?”

“அப்ப செய்றதை நிறுத்துவோம்.”

“மெசின் கடனை யாரு கட்டுறது? ஓட்டுனாலும் நட்டம், நிறுத்துனா அதைவிட நட்டம்.”

அன்று சுற்றிய எங்கள் தலை இன்னும் நின்றபாடில்லை.

ஒருவருக்கு விலையைக் குறைத்தால், பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் போன் போட்டு, “அவருக்குக் குடுத்த விலைதான் எனக்கும்” என்றார்கள். மறுநாள் அதற்கும் கீழே கேட்டார்கள். தீபாவளிக்குள் எங்கள் பிரிவையே மூடுவதென்று முதலாளி முடிவெடுத்தார். எங்களோடு கம்பி ஒட்டும் அன்னக்கொடி வாய்விட்டு அழுதாள்; அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

அப்போதுதான் மெட்ராசிலிருந்து டி.வி. கம்பெனிக்காரர் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையை மூடினீர்கள், மாட்டுச் சந்தைத் தரகரைப் போல!

“என்ன சார் இது?”

“விரலைத் தொட்டு விலை பேசுவோம் சார். உங்க விலை உங்களோட, அடுத்தவர் விலை அவரோட.”

“நான் மாடு வாங்க வரலியே!”

“மாட்டுக்காவது பல்லைப் பாக்கலாம். இதுக்கு அதுவும் இல்ல.”

அதன்பின் வந்தவர்க்கெல்லாம் அதே துண்டு. தமக்கு மட்டுமே மலிவென்று எண்ணி ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். போன் அடங்கியது; பிரிவும் பிழைத்தது. விற்றது கூடுதலுக்கா, குறைவுக்கா? மர்மம் காத்த மாண்பாளரே, வாய் திறந்தீர்களா?

“ஜெயிச்சோமா, தோத்தோமா தம்பி?”

“நாளைக்கு ஷிப்டு இருக்காக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

எங்களுக்கு அதுவும் விளங்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தூக்கம் வந்தது.

விலை இன்னும் ஏறவில்லை. வரும் திங்கட்கிழமை அதே மெட்ராஸ்காரர் வருகிறார். உங்கள் நாற்காலியில் ஜனகராஜ் இருப்பார். சந்தைப் பக்கமே போகாத பிள்ளை. தன் விரலைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிகிறார். கேட்டால், “கூசுதுக்கா” என்கிறார்.

ஆகவே பெருந்தகையீர்! பொன்னாடைக்குப் பதிலாக ஒரு துண்டு வாங்கினோம், கொஞ்சம் பெரிதாகவே. உங்கள் துணைவியார் இருளாயி அம்மையாரோடு, கால்வலி மூட்டுவலி அண்டாமல், விலை விழும் கவலை விட்டு, காடுகரை பார்த்து நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்! ஆனால் துண்டைத் தோளில் போடுமுன், அதற்கடியில் ஜனகராஜின் கையைப் பிடித்து, எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாதென்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நாங்கள் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு வரவிருக்கும் எல்லோருக்காகவும்,
ஒச்சம்மாள்,
கம்பி ஒட்டும் பிரிவு,
சமயநல்லூர், 1986.